கூரையில் இருக்கும் கைப்பிடி: சிர்ரஸ் விமானங்கள் வளர்ந்த கதை

அனைவருக்கும் வணக்கம்.

இன்று ஒரு விமானக் குடும்பத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். நாலைந்து பேர் உட்காரலாம், மூக்கில் ஒரே ஒரு எஞ்சின், பெரும்பாலும் சொந்தக்காரரே ஓட்டிப் போவார். சிர்ரஸ் எஸ்ஆர்20, எஸ்ஆர்22 என்று பெயர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டுலூத் நகரத்தில் உருவானவை. இதுவரை 10,000-க்கும் மேல் விற்றிருக்கின்றன. ஆபத்து வந்தால் முழு விமானத்தையும் தாங்கி இறக்குகிற பாராசூட் இவற்றில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பது பாதிக் கதை. வந்த பிறகும் விமானிகள் அதை இழுக்கத் தயங்கினார்களே, அந்த மீதிக் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆலன் கிளாப்மையர், டேல் கிளாப்மையர் என்று இரண்டு சகோதரர்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் பாரபூ என்ற ஊருக்குப் பக்கத்தில் பெற்றோரின் பண்ணை. அங்கிருந்த கொட்டகையில்தான் 1980-களில் விகே-30 என்ற விமானத்தைக் கட்டினார்கள். வாங்குபவரே வீட்டில் பாகங்களைப் பொருத்திக் கட்டிக்கொள்ளும் வகை அது. ப்ரொப்பெல்லர் வாலுக்குப் பின்னால் இருக்கும். பார்க்க அழகு, ஆனால் கட்டி முடிப்பது கடினம், அதனால் அதிகம் விற்கவில்லை.

1985-இல் ஆலன் ஒரு பயிற்சிப் பறப்பில் இருந்தபோது இன்னொரு சிறு விமானம் வந்து மோதியது. இவருடைய இறக்கையின் நுனி பிய்ந்து போனது. எப்படியோ சமாளித்துத் தரையிறக்கிவிட்டார். மோதிய விமானத்தின் விமானி இறந்துபோனார். இறந்தவருக்குத் தப்பிக்க ஒரு வழியும் இல்லாமல் போனதே என்ற எண்ணம் ஆலனை விடவில்லை. எங்கள் விமானத்தில் கடைசி வழி ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும் என்ற முடிவு அங்கிருந்து வந்ததுதான்.

அந்த வழியைச் செய்து வைத்திருந்தவர் போரிஸ் போபோவ். 1970-களில் அவர் பறந்த ஹேங் கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் தொங்கியபடி பறக்கும் இறக்கை, நடுவானில் உடைந்து, ஏரியில் விழுந்து பிழைத்தவர். ராக்கெட்டால் பாராசூட்டை வெளியே இழுக்கும் முறையை வைத்து 1980-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். முதலில் மிக இலகுவான விமானங்களுக்குத்தான் செய்தார்கள். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையோடு வேகமாகப் பறக்கும் விமானத்துக்குப் பொருத்துவது வேறு அளவுப் பிரச்சினை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சிறு விமானத் தொழில் எப்படி இருந்தது என்றும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1978-இல் 17,000-க்கும் மேல் செய்தார்கள். 1994-இல் ஆயிரம்கூட இல்லை. விபத்து வழக்குகளுக்குப் பயந்து செஸ்னா நிறுவனம் 1986-இல் சிறு பிஸ்டன் எஞ்சின் விமானங்களையே நிறுத்திவிட்டது. பழைய விமானங்களுக்கு உற்பத்தியாளர் மேல் வழக்குப் போட 18 வருட வரம்பு வைத்த சட்டம் 1994-இல் வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்தச் சகோதரர்கள் டுலூத்துக்குப் போய்ப் புதிதாக ஒரு விமானம் செய்ய உட்கார்ந்தார்கள். எனக்கு இது பெரிய துணிச்சலாகத் தெரிகிறது.

எஸ்ஆர்20-இன் உடல் கண்ணாடியிழையால் ஆனது. முதலில் வந்ததில் எஞ்சின் 200 குதிரைத்திறன். இறக்கையில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. முன்விளிம்பு ஒரே கோடாகப் போகாமல் நடுவில் ஓர் இடத்தில் சற்றே முறிந்து வெளியே வரும். வேகம் ரொம்பக் குறைந்தால் இறக்கையின் உட்பகுதி முதலில் தூக்குவிசையை இழக்கும். வெளிப்பகுதி இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதால் விமானம் சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஏலரான்களும் வேலை செய்யும். சுழன்று விழுவது இதனால் குறைகிறது.

சுழன்று விழ ஆரம்பித்தால்? வழக்கமாக, அதிலிருந்து மீண்டு காட்டினால்தான் அரசாங்கச் சான்றிதழ். சிர்ரஸுக்குப் பாராசூட்டையே அதற்கு ஈடாக ஏற்றுக்கொண்டார்கள். சுழலிலிருந்து மீளத் தெரியாத விமானம், குறையை மறைக்கத்தான் பாராசூட் என்று பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. சுழலில் விழுந்து இறப்பவர்களில் பலர் தரையிறங்கும்போது, தாழ்வான உயரத்தில்தான் சிக்குகிறார்கள். அங்கே மீளும் வித்தைக்கு உயரமே மிச்சம் இருக்காது. சுழலில் போகாமல் தடுக்கும் இறக்கைதான் அங்கே உதவும்.

சரி, அந்தப் பாராசூட் எப்படி வேலை செய்கிறது? காக்பிட் கூரையில் சிவப்புக் கைப்பிடி. இழுத்தால் கேபினுக்குப் பின்னால் இருக்கும் ராக்கெட் மூடியை உடைத்துக்கொண்டு சீறிப் போகும், பாராசூட்டை இழுத்துக்கொண்டே. உடலின் தோலுக்கடியில் பதித்த பட்டைகள் பிய்த்துக்கொண்டு மேலே வரும். பாராசூட் ஒரே அடியாக விரிந்தால் கிழிந்துவிடும் என்பதால் கயிறுகளை ஒரு வளையம் சேர்த்துப் பிடித்து மெல்ல மெல்ல விடும். பிறகு விமானம் நிமிடத்துக்குச் சுமார் 1,700 அடி வேகத்தில் இறங்கும். தரையைத் தொடும்போது ஏறக்குறைய 12 அடி உயரத்திலிருந்து விழுந்த அதிர்ச்சி. அதைச் சக்கரக் கால்களும் நசுங்கும்படி செய்த இருக்கைகளும் வாங்கிக்கொள்ளும்.

1998-இல் பறந்தபடியே இதை இழுத்துச் சோதித்தவர் ஸ்காட் ஆண்டர்சன் என்ற சோதனை விமானி. அந்த வருடம் அக்டோபரில் சான்றிதழ் கிடைத்தது. 1999 மார்ச்சில் ஒரு சோதனைப் பறப்பில் ஏலரான் சிக்கிக்கொண்டு விமானம் விழுந்தது. ஆண்டர்சன் இறந்துபோனார். அவர் ஓட்டிய அந்த விமானத்தில் பாராசூட் பொருத்தப்படவில்லை. ஏலரானில் செய்யவேண்டிய மாற்றத்தைச் செய்துவிட்டு, சில மாதங்களில் முதல் விமானத்தை வாடிக்கையாளருக்குக் கொடுத்தார்கள். 310 குதிரைத்திறன் கொண்ட எஸ்ஆர்22 அடுத்து வந்து, தன் வகையில் அதிகம் விற்கும் விமானமானது.

2002 அக்டோபரில் டெக்சஸில் ஓர் எஸ்ஆர்22-இன் ஏலரான் பறக்கும்போதே கழன்றது. விமானி கைப்பிடியை இழுத்தார், காயமில்லாமல் இறங்கி நடந்தார். சிர்ரஸ் பாராசூட் காப்பாற்றிய முதல் உயிர் அது.

இவ்வளவுக்குப் பிறகு விபத்து மரணங்கள் சட்டென்று குறைந்திருக்கவேண்டும் அல்லவா? குறையவில்லை. முதல் பத்து வருடத்தில் சிர்ரஸின் கணக்கு மற்ற சிறு விமானங்களைவிடப் பெரிதாக மேலாக இல்லை. விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, கைப்பிடியை இழுக்க உயரமும் நேரமும் இருந்தும் இழுக்காமலே இறந்தவர்கள் பலர் என்று தெரிந்தது. நல்ல விமானி என்றால் தானே இறக்கவேண்டும் என்ற கௌரவம் ஒரு காரணம். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்ற நம்பிக்கை இன்னொன்று. இழுத்தால் விமானம் வீணாகிவிடுமே என்ற கணக்கும் இருந்தது. வேகமான, கணினித் திரைகள் நிறைந்த விமானம் கையில் இருப்பதால் மோசமான வானிலையிலும் துணிந்து போனவர்களும் உண்டு.

இதை மாற்றியது புது இயந்திரம் எதுவும் இல்லை. சிர்ரஸ் உரிமையாளர்களும் விமானிகளும் சேர்ந்த சங்கமும், நிறுவனமும் பயிற்சி முறையைத் திருப்பிப் போட்டார்கள். சிமுலேட்டரில் உட்காரவைத்து, கை தானாக மேலே போகும்வரை இழுத்து இழுத்துப் பழக்கினார்கள். ஓடுபாதையிலேயே விமானி வாய்விட்டுச் சொல்லவேண்டும்: ஐந்நூறு, அறுநூறு அடிக்குக் கீழே எஞ்சின் நின்றால் நேராகப் பார்த்து இறக்குவேன், அதைத் தாண்டி 2,000 அடி வரை என்றால் உடனே இழுப்பேன், அதற்கு மேலே என்றால் யோசிக்க நேரம் உண்டு. பாராசூட்டை இழுத்துப் பிழைத்தவரை யாரும் குறை சொல்லக்கூடாது என்பதையும் சங்கம் விடாமல் சொன்னது. 2014-இல் உயிர்ப்பலி விபத்துகளைவிடப் பாராசூட் விரித்த நிகழ்ச்சிகள் அதிகம். இன்றுவரை 200 பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள்.

நடுவில் 2011-இல் நிறுவனம் சீன அரசுக்குச் சொந்தமான குழுமத்தின் கைக்குப் போனது. 2013-இல் எடை கூடியபோது பாராசூட்டின் விட்டத்தை 55 அடியிலிருந்து 65 அடியாக்கினார்கள். ஒற்றை ஜெட் எஞ்சின் கொண்ட விஷன் ஜெட்டிலும் பாராசூட் உண்டு.

இங்கே விமானம் ஓட்டப் பழக விரும்பும் மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். பாராசூட் உள்ள விமானத்தில் என்றாவது ஏறினால், கிளம்புவதற்கு முன்பே விமானியிடம் கேளுங்கள்: கைப்பிடி தவறி இழுபடாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசியை எடுத்தாயிற்றா, நீங்கள் மயங்கிவிட்டால் நான் என்ன செய்யவேண்டும், எவ்வளவு பலமாக இழுக்கவேண்டும்? சுமார் 20 கிலோ விசை வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, நேராகக் கீழே இழுக்கவேண்டும்.

நன்றி, வணக்கம்.