நான்கு வருட அனுபவம் இருந்தும் ரெஸ்யூமுக்கு அழைப்பு வரவில்லையா?

அடுத்த கேள்வி திருப்பூரிலிருந்து. பி.காம் முடித்துவிட்டு ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான்கு வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாராம். "எத்தனையோ இடத்துக்கு ரெஸ்யூம் அனுப்பிவிட்டேன், அழைப்பே இல்லை. சாதனை என்று எழுத என்னிடம் எதுவும் இல்லை சார்" என்கிறார். ரெஸ்யூமையும் அனுப்பியிருந்தார், படித்தேன்.

அனுபவம் என்ற இடத்தில் இருப்பது டேலி, ஜிஎஸ்டி, பேங்க் வேலை, அவ்வளவுதான். அக்கவுண்ட்ஸில் இருக்கிற எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள். பிறகு உங்களை மட்டும் எதற்குக் கூப்பிடுவார்கள்?

சாதனை இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாதா மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் ஜிஎஸ்டிஆர் 2பி, அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல், வருகிறது. 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் இருக்கிற அந்தச் சில நாட்களில் நூல் பில், சாயப்பட்டறை பில், பிரிண்டிங் பில் எல்லாவற்றையும் 2பியோடு ஒப்பிட வேண்டும். எந்த சப்ளையர் பில்லை ஏற்றவில்லை என்று பார்த்து, போன் போட்டு, அடுத்த மாதமாவது ஏற்ற வைக்க வேண்டும். இதில் ஒரு பில் விடுபட்டாலும் அதற்கான உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, அந்த மாதம் கிடைக்காது, கம்பெனியின் பணம் முடங்கும். ஏற்றுமதியாளருக்கு வரி ரீஃபண்டும் தள்ளிப்போகும். இந்த வேலையை நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால் முதலாளியின் பணத்தைக் காப்பாற்றுகிறீர்கள். ரெஸ்யூமில் அதைக் காணவே காணோம்!

அதை இப்படி எழுதுங்கள்: "மாதம் சுமார் இத்தனை கொள்முதல் பில்களை 2பியுடன் ஒப்பிட்டேன், விடுபட்ட பில்களை சப்ளையர்களிடம் பேசி ஏற்ற வைத்தேன்." அந்த 'இத்தனை' உங்கள் உண்மையான எண்ணாக இருக்கட்டும். இன்டர்வியூவில் முதலில் அதைத்தான் நோண்டுவார்கள். ரீஃபண்ட் விண்ணப்பத்தை ஆடிட்டர் போட்டு, நீங்கள் ஆவணங்கள் மட்டும் தயாரித்திருந்தால், தயாரித்தேன் என்றே எழுதுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு. கம்பெனியின் விற்பனைத் தொகை, பையர் பெயர் இதெல்லாம் வேண்டாம். அவை வெளியே சொல்லக் கூடாதவை.

அப்புறம், விளம்பரத்தில் ரீஃபண்ட் அனுபவம் கேட்டிருந்தால் அந்த வரி மேலே வரட்டும். ஸ்டாக் கணக்கு கேட்டிருந்தால், ஜாப் ஒர்க்குக்கு, அதாவது சாயம், பிரிண்டிங் மாதிரி வேலைக்கு வெளியே, சலானில் போன துணி திரும்பி வந்ததா என்று நீங்கள் பார்த்த கணக்கை மேலே வையுங்கள்.

அப்பா பெயர், மதம், திருமணமானவரா என்பது, கடைசியில் வருகிற உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். சரி, நாளைக்கே கொள்முதல் பதிவேட்டைத் திறந்து போன மாதத்து பில்களை எண்ணிப் பாருங்கள்.