பார்வைக்கு ஊழியம்

காப்பிப் பழம் பறிக்கிறதைப் பற்றி ஏற்காட்டுக்காரர்களுக்கு நான் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது சிவந்த பழமாகப் பார்த்துப் பறிக்கிற கை, அவர் அடுத்த வரிசைக்குப் போனதும் கிளையை அப்படியே உருவிவிடும். காயும் பழமும் சேர்ந்து பையில் விழும், எடையும் ஏறும். எல்லாரையும் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்! அப்போஸ்தலன் பவுல் எபேசியர் 6-ஆம் அதிகாரத்தில், பார்வைக்கு ஊழியம் செய்யாமல் மனப்பூர்வமாய் தேவனுடைய சித்தத்தின்படி செய்யுங்கள் என்கிறாரே, அந்தப் பார்வைக்கு ஊழியம் இதுதான்.

நம்மில் பலருடைய கீழ்ப்படிதல் இப்படித்தான் இருக்கிறது. போதகர் ஐயர் பார்க்கிறார், சபை பார்க்கிறது, சரி, செய்துவிடுவோம்.

லூக்கா 15-ல், அப்பாவின் சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். எனக்கென்னவோ மூத்தவன்தான் நம் ஆள் என்று தோன்றுகிறது. "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" என்று அப்பாவிடமே கணக்குக் காட்டுகிறான். அவன் சொன்னது பொய்யில்லை, அப்பாவும் மறுக்கவில்லை. ஆனாலும் உள்ளே தம்பிக்கு விருந்து நடக்கிறது, இவன் கோபத்தில் வாசலில் நிற்கிறான். ஒரு கட்டளையையும் மீறாதவன், ஆனால் அப்பாவின் சந்தோஷம் இவனுக்குச் சந்தோஷமாக இல்லை. வருஷக்கணக்காக வயலில் உழைத்தும் அவருடைய மனசு இவனுக்குப் பிடிபடவில்லை பாருங்கள்.

"அப்போ மனசு வரும்வரை காத்திருக்கட்டுமா, பிரதர்?" என்று ஒருவர் கேட்பார். வேண்டாம். மத்தேயு 21-ல் அப்பா வேலைக்குப் போகச் சொன்ன இரண்டு மகன்களில், திராட்சத்தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்றவன்தான் அப்புறம் மனஸ்தாபப்பட்டுப் போனான். போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொன்னவன் போகவே இல்லை. அதோடு, விருப்பத்தோடு செய்வது என்றால் சிரித்த முகத்தோடு செய்வது என்றும் நினைக்காதீர்கள். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் இயேசு வியாகுலப்பட்டார், இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, நீங்கட்டும் என்று வாய்விட்டுக் கேட்டார், அதன் பிறகுதான் "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். அவ்வளவு வேதனையிலும் அவர் பிதாவை அப்பா என்றுதான் கூப்பிட்டார், முதலாளியாகப் பார்க்கவில்லை.

ஆகவே மன்னிக்க மனசில்லையா, கொடுக்க மனசில்லையா, அதையும் அவரிடமே சொல்லுங்கள். 119-ஆம் சங்கீதக்காரனும் அப்படித்தான் கேட்டான்: "என் இருதயம் பொருளாசையைச் சாராமல், உமது சாட்சிகளைச் சாரும்படி செய்யும்."