மூடிய அறையில் வந்த சாட்சியத்தை ஸ்ட்ராஸ்பூர்குக்கு அனுப்பலாமா?

ஒருத்தர் கேட்டிருக்கார்: "பிரிட்டன்ல வழக்கோட ஒரு பகுதியை மூடிய அறையில விசாரிச்சுத் தண்டனை கொடுத்துட்டாங்க. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போறப்ப அந்தப் பகுதியை மனுவுல எழுதலாமா?"

எழுதாதீங்க. அதை வெளியிடக் கூடாதுன்னு விசாரணை நீதிபதி போட்ட தடை உத்தரவு இருக்குற வரைக்கும், ஸ்ட்ராஸ்பூர்க்ல இருக்குற அந்த ஐரோப்பிய நீதிமன்றத்து நீதிபதிகளுக்கு அனுப்பினாலும் நீதிமன்ற அவமதிப்பு ஆகிடும். வாங் யாம்ங்கறவரோட வழக்குல இதுதான் பிரச்சினை. 2009ல கொலைக் குற்றத்துக்குத் தண்டனை. மூடிய அறையில நடந்தது அவரோட எதிர்வாதத்துல ஒரு பகுதி. அதாவது விஷயம் அவருக்கே தெரியும், ஆனா வெளியில வாய் திறக்க முடியாது! மனு செய்யுற உரிமையைத் தடுக்கக் கூடாதுன்னு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையோட 34ஆம் பிரிவு சொல்லுதேன்னு வாதாடினாங்க. 2015 டிசம்பர்ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கல. ஸ்ட்ராஸ்பூர்குக்கு வேணும்னா அதுவே அரசைக் கேக்கலாம், அந்த நீதிமன்றத்தோட விசாரணைக்கு அரசு ஒத்துழைக்கணும்ங்கற 38ஆம் பிரிவுக் கடமையை அப்பப் பாத்துக்கலாம்னுடுச்சு. 2020ல ஸ்ட்ராஸ்பூர்கும், நியாயமான விசாரணை உரிமை மீறப்படலைன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

அதனால உள்ளடக்கத்தைத் தொடாம எழுதணும். "இன்ன தேதி உத்தரவுப்படி இந்தப் பகுதி மூடிய அறையில நடந்தது, இந்தப் புகாருக்கு அது ஏன் முக்கியம்னா..." அவ்வளவுதான். தடை உத்தரவு நகல், அதைத் தளர்த்தக் கேட்ட மனு, மறுத்த தீர்ப்பு, எல்லாத்தையும் இணைங்க. அந்த ஆவணத்தை அரசுகிட்டேருந்து வரவழைக்கச் சொல்லிக் கேளுங்க. வந்தா ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்ற விதிகள்ல 33ஆம் விதிப்படி பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டாம்னும் கேக்கலாம்.

பலரும் கோட்டை விடுறது கெடுவுலதான். 2022 பிப்ரவரியிலேருந்து, உள்நாட்டு இறுதித் தீர்ப்புக்கு அப்புறம் 4 மாசம்தான். முன்னாடி 6 இருந்துச்சு. தளர்த்தச் சொன்ன மனு நிலுவையில இருக்கே, கெடு நிக்கும்னு நம்பி உக்காந்துடாதீங்க. படிவத்துல ஒரு கட்டம் விட்டுப்போனாலும், இணைப்பு ஒண்ணு குறைஞ்சாலும் எடுத்துக்க மாட்டாங்க, கெடு பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். கையெழுத்துப் போட்ட அசல் தபால்லதான் போகணும். ஃபேக்ஸ் செல்லாது.

அரசு தன்னோட ரகசிய ஆவணத்தை உங்களுக்குக் காட்டாம நீதிபதிகிட்ட மட்டும் காட்டுற மூடிய ஆவண நடைமுறைன்னா கதை வேற. அங்க உங்களையே வெளியில உக்கார வெச்சுடுவாங்க. உள்ள உங்க பக்கம் பேசுறது சிறப்பு வழக்கறிஞர். அவர் ரகசிய ஆவணத்தைப் பாத்த பிறகு, அனுமதி இல்லாம உங்ககிட்ட வழக்கு பத்திப் பேசக் கூடாது. தடுப்புக்காவல் வழக்குல, பதில் சொல்லுற அளவுக்காவது குற்றச்சாட்டோட சாரத்தைத் தெரிவிக்கணும்னு ஸ்ட்ராஸ்பூர்க் 2009ல சொல்லியிருக்கு. அந்தச் சாரத்தை உள்நாட்டு நீதிமன்றத்துலயே எழுத்துல கேளுங்க. கேக்காம நேரா அங்க போனா, உள்நாட்டு வழிகளை முடிக்காம வந்துட்டீங்கன்னு தள்ளிடுவாங்க.