முதல் ரிங்கிட் கூரைக்கே

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், சுங்கை சிப்புட்டின் இந்த மண்டபத்தை நிறைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

நடுவர் எங்கள் முன் வைத்த கேள்வி இது: பழைய தரை வீடு ஒன்று, கையில் 10,000 ரிங்கிட். அந்தப் பணம் முதலில் போகவேண்டியது வீட்டின் தோற்றத்துக்கா, உறுதிக்கா? தோற்றத்துக்கே என்று எதிரணித் தலைவி அழகாகப் பேசி அமர்ந்திருக்கிறார். உறுதிக்கே என்று சொல்ல நான் நிற்கிறேன். வயரிங் வேலை என் தொழில். இந்த வட்டாரத்துத் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், பல வீடுகளின் சிலிங்குக்கு மேலே தவழ்ந்து போயிருக்கிறேன். கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியாத வீடு ஒன்று அங்கே இருக்கிறது. அந்த வீட்டுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

எதிரணித் தலைவி சொன்னவற்றில் என்னை உண்மையாகவே அசைத்தது ஒன்று உண்டு. மூன்று தலைமுறையாகத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் இருந்தோம், சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று ஒரு நாளும் நம்மை எவரும் கேட்கவில்லை, சொந்த வீடு வந்த பிறகாவது நல்ல தரையும் நாலு பேர் பார்க்கும்படியான கூடமும் நமக்கு வேண்டாமா என்று கேட்டார். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த ஆசை நியாயமானது. அதைக் குறைத்துப் பேசும் உரிமை எனக்கில்லை.

ஆனால் அவர் எடுத்த வரலாற்றை இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோவோம். லயத்து வீடு யாருடையது? தோட்டத்துக் கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரைதான் கூரை. 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, வேலையோடு வீட்டையும் இழந்து நின்ற குடும்பங்கள் எத்தனையோ. அந்த நிலையைப் பார்த்துத்தான் இதே ஊரில் பிறந்த, அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் தேடியது பகட்டை அல்ல; யாரும் பிடுங்க முடியாத, நாளைக்கும் இருக்கக்கூடிய ஒன்றை.

அந்த லயத்துக்குச் சுண்ணாம்பு எப்போது அடித்தார்கள் என்று இங்கே இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மேலிடத்துத் துரை பார்வையிட வருகிறார் என்றால் முன்பக்கச் சுவர் வெள்ளையாகும். கூரைத் தகரத்தில் இருக்கும் ஓட்டை அப்படியே கிடக்கும். துரை போன பிறகு மழை வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நனையாத மூலையைத் தேடவேண்டும். பார்க்க வருகிறவருக்காகச் சிங்காரித்த வீட்டில் நம் தாத்தா பாட்டிகள் வாழ்ந்து முடித்துவிட்டார்கள். நம் பெயரில் பத்திரம் இருக்கும் வீட்டுக்கும் அதே முறையில்தான் செலவு செய்யவேண்டுமா, நடுவர் அவர்களே?

கூரைக்கு வருகிறேன். நம் மலேசியாவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தகரக் கூரையில் தண்ணீர் முதலில் நுழைவது ஆணி இருக்கும் இடத்தில். ஆணிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். அந்த வழியாக இறங்கும் தண்ணீர் நேராகக் கீழே விழுவதில்லை. கூரையின் மரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி, பத்தடி தள்ளி எங்கேயோ சொட்டும். அதனால்தான் சொட்டும் இடத்தை அடைத்தும் ஒழுக்கு நிற்பதில்லை. எதிரணியின் முதல் செலவு என்ன? புதிய பிளாஸ்டர் சிலிங். ஒழுகும் கூரைக்குக் கீழே சிலிங் போடுவது புண்ணைக் கழுவாமல் பட்டுத்துணியால் மூடுவது போன்றது. கறை தெரிய வரும்போது உள்ளே மரத்தைக் கரையான் பாதி தின்றிருக்கும். அப்போது அந்தச் சிலிங்கையும் உடைக்கவேண்டும், கூரையையும் பிரிக்கவேண்டும்.

இன்னொன்று, இது விளையாட்டல்ல. பழைய வீடுகள் சிலவற்றின் கூரையும் சிலிங்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த தகடுகள். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் தெரிய இருபது முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். புதிய விளக்கு மாட்டுவதற்காக அந்தத் தகட்டில் துளை போடுகிறார்கள். உடைத்துக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குகிறார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்தத் தகட்டைத் தொடுவதற்கு முன் அது என்னவென்று தெரிந்தவரைக் கேட்பதும் உறுதிக்கான செலவுதான்.

இனி என் தொழில். 1982 முதல் 1998 வரை மலிவு விலை வீட்டின் விலையை அரசாங்கம் 25,000 ரிங்கிட்டுக்குள் வைத்திருந்தது. அந்த விலைக்குள் கட்டிய வீட்டில் சில விளக்குகள், விசிறி, விரல்விட்டு எண்ணக்கூடிய பிளக்குகள், அவ்வளவுதான் கணக்கு. இன்று அதே கம்பியில் குளிர்சாதனமும், வாட்டர் ஹீட்டரும், துணி துவைக்கும் இயந்திரமும் ஓடுகின்றன. குளியலறையில் மாட்டும் ஹீட்டர் ஒன்று 3,600 வாட் என்றால் அது ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குப் போட்ட 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அதை இணைத்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கம்பி சூடாகிச் சூடாகி மேலுறை நொறுங்கியிருந்தது. அதற்குக் கீழே புதுப் பெயிண்ட் அடித்த சுவர் மின்னியது. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது, ஐயா.

ஓர் ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு, அதாவது 30 மில்லியாம்பியர், உடலில் நீடித்துப் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்த ஹீட்டர் இழுப்பது அதைப்போல் 500 மடங்கு. நம்மைக் காப்பது மெயின் பெட்டியில் இருக்கும் இ.எல்.சி.பி., அதாவது மின்கசிவு வந்ததும் மின்சாரத்தை வெட்டிவிடும் கருவி. ஈரமான குளியலறைக்கு 10 மில்லியாம்பியரிலேயே வெட்டிவிடும் வகை வேண்டும். பழைய வீடுகளில் அது வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? குறை சொல்லக் கேட்கவில்லை. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை என்பதால் கேட்கிறேன்.

வரிசை தப்பினால் பணம் இரண்டு முறை போகும். முதலில் கூரை, அடுத்து கம்பியும் குழாயும், பிறகு பூச்சு, பிறகு தரை, கடைசியில் பெயிண்ட். டைல்ஸ் ஒட்டிய பிறகு குழாய் கசிந்தால் டைல்ஸைக் கொத்தவேண்டும். அதே நிறத்தில் கல் மறுபடி கடையில் கிடைக்காது. கொத்தும் கூலி, குப்பை அள்ளும் கூலி, மறுபடி ஒட்டும் கூலி. வசதி உள்ளவருக்கு இது எரிச்சல். 10,000 ரிங்கிட் மட்டும் உள்ளவருக்கு இது கடன்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் பின்பக்கச் சமையலறையை நீட்டலாம் என்றார். நீட்டுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பலர் செய்வது என்ன? கொட்டிய மண்ணை நன்றாக இறுக்காமல், மேலே கான்கிரீட் ஊற்றி, பழைய சுவரோடு நேராக ஒட்டிவிடுகிறார்கள். பழைய பகுதி தன் அஸ்திவாரத்தில் அசையாமல் நிற்கும். புதியது மெல்லக் கீழே இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் வந்து, அதன் வழியே மழை சமையலறைக்குள் இறங்கும். புதிய பகுதிக்குத் தனித் தூணும் தனி அஸ்திவாரமும் வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் வேண்டும். இவை எதுவும் புகைப்படத்தில் தெரியாது. பின்பக்க வடிகாலை மூடிக் கட்டியவரின் தவறு மட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வெள்ளமாகத் தெரியும்.

கூரையோரத் தண்ணீர்க் குழாயையும் சொல்லிவிடுகிறேன். இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். இனப்பெருக்கம் கண்டுபிடிக்கப்பட்டால் அபராதமும் உண்டு. டிங்கிக் காய்ச்சலின் விலையை நான் சொல்லவேண்டியதில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று எதிரணி கேட்டது. வருகிறவர்கள் ஒரு மாலை இருப்பார்கள். அந்தப் பெண்ணின் அம்மா தினமும் அந்தக் குளியலறையில்தான் குளிக்கிறாள். நான் அம்மாவின் பக்கம். ஊழியர் சேமநிதி வாரியத்தின் மூன்றாவது கணக்கிலிருந்து எடுக்கலாமே என்றும் சொன்னார்கள். 2024 மே மாதம் முதல் சந்தாவில் பத்து விழுக்காடு அங்கே போகிறது, எடுக்கவும் முடியும். ஆனால் அது அவசரத்துக்காக நம் உழைப்பில் ஒதுங்கிய பணம். ஒழுகும் கூரை அவசரம். சிலிங்கின் ஓரத்தில் வண்ண விளக்கு அவசரமல்ல.

அழகு வேண்டாம் என்று எங்கள் அணி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெயிண்ட் வாங்க அதிகம் ஆகாது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு விடுமுறை நாளில் அடித்துவிடலாம். தரைக்கல்லை அடுத்த ஆண்டு மாற்றலாம். கூரையும் கம்பியும் அப்படிக் காத்திருப்பதில்லை.

நடுவர் ஐயா, தீபாவளிக்கு முன் சிலிங் போட நாள் குறித்திருக்கும் குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கும். தங்கள் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தாலும் வராவிட்டாலும், வேலை செய்யும் ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பதிவுபெற்ற வயரிங்காரர் ஒருவரை மேலே ஏறிப் பார்க்கச் சொல்லும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.