நாலாவது ஆள் யார்?

(ஞாயிறு மாலை கால்பந்து ரசிகர்கள் கூடிய ஓர் இடத்தில் பேசியது. பேச்சில் வந்த தடுமாற்றங்களை எடுத்துவிட்டு எழுதியிருக்கிறேன். பின்வரிசையிலிருந்து விழுந்த கிண்டல்களில் ஒன்றை மட்டும் விட மனமில்லை.)

எல்லாருக்கும் வணக்கம்.

என்னைக் கூப்பிட்ட தம்பி தலைப்பு எதுவும் தரவில்லை. "வாட்ஸப்புல ராத்திரி பூரா யாரை வாங்கணும், யாரை விக்கணும்னு சண்டை போடுவீங்களே அண்ணே, அதையே மைக் பிடிச்சுப் பேசுங்க" என்றார். சரி என்று வந்துவிட்டேன். இங்கிலாந்து லீக்கில் நான் லிவர்பூல் கட்சி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆர்சனல்காரர்கள், யுனைடெட்காரர்கள் இருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது ஒரு பழைய லாங் சைஸ் நோட்டு. 2017-லிருந்து ஒவ்வொரு கோடையிலும் டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலம், திறக்கும்போது, அணியில் எங்கே ஓட்டை, யாரை வாங்கினால் அடைபடும் என்று இதில் எழுதி வைப்பேன். கிளப்பில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட உத்தியோகம் இது. போன வாரம் முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். சில இடங்களில் என்னை நானே மெச்சிக்கொண்டேன், சில இடங்களில் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருந்தது.

2017 பக்கம். பெரிய எழுத்தில் "வான் டைக்". சவுத்தாம்ப்டனின் டிஃபென்டர். கீழே மூன்று கோடு. அந்த ஜூன் மாதம் சவுத்தாம்ப்டனுக்குத் தெரியாமல் அவரை அணுகினார்கள் என்று புகார் கிளம்பி, லிவர்பூல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, இனி அவர் பக்கமே வரமாட்டோம் என்று அறிக்கை விட்டது. அவர் இல்லையென்றால் வேறு யாரையாவது வாங்கு என்பது நம்முடைய கோரிக்கை. கோச் க்ளோப் வாங்கவில்லை. அக்டோபரில் வெம்ப்லியில் டாட்டன்ஹாமிடம் 4-1. நமக்கு ஞாயிறு இரவு எட்டரை மணி ஆட்டம். 31-ஆவது நிமிடத்திலேயே டிஃபென்டர் லவ்ரனை வெளியே கூப்பிட்டுவிட்டார் க்ளோப். பாதி ஆட்டம்கூட முடியவில்லை! எனக்குத் தட்டில் வைத்த தோசை அப்படியே ஆறிப்போனது. அன்று ராத்திரி எங்கள் குழுவில் வந்த செய்திகளை இங்கே படிக்க முடியாது, குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஜனவரியில் அதே வான் டைக் 7.5 கோடி பவுண்டுக்கு வந்தார். அதுவரை ஒரு டிஃபென்டருக்கு உலகில் யாரும் கொடுக்காத விலை. எவர்ட்டனோடு முதல் ஆட்டம், தலையால் முட்டி வெற்றி கோல். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

ஆனால் அதே ஜனவரியில் நடுக்கள ஆட்டக்காரர் கொட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்றார்கள். போனஸெல்லாம் சேர்த்தால் 14.2 கோடி வரை போகும் பேரம். நோட்டில் நான் எழுதியிருப்பது: "இவருக்குப் பதிலாள் வாங்காமல் விட்டால் சீசன் காலி." பதிலாள் வாங்கவில்லை. அணி ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் வரை போனது. இதே பக்கத்தின் ஓரத்தில், கோடையில் எழுதியது, பொடி எழுத்தில் "லெஃப்ட் பேக், ராபர்ட்சன்" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். தரமிறக்கப்பட்ட ஹல் சிட்டியிலிருந்து 80 லட்சம் பவுண்டுக்கு வந்த ஆள் என்ன கிழிக்கப் போகிறார் என்கிற கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியை இன்றுவரை அழிக்கவில்லை. எனக்கு அது ஒரு மருந்து.

சரி, நாம் சொன்னது சரியாக இருந்த ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கோல்கீப்பர். 2018 மே, கீவ் நகரில் ரியல் மாட்ரிட்டோடு இறுதி ஆட்டம். நமக்கு ராத்திரி பன்னிரண்டே கால். கரியஸ் உருட்டிவிட்ட பந்து பென்சிமாவின் காலில் பட்டு கோலுக்குள் போனது. பிறகு பேல் தூரத்திலிருந்து அடித்தது கையில் பட்டு நழுவியது. 3-1. அந்த ஆட்டத்தில் கரியஸுக்குத் தலையில் அடிபட்டிருந்தது, மூளை அதிர்ச்சி இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பாஸ்டன் மருத்துவர்கள் சொன்னார்கள். அன்று அவரைப் பேசியதெல்லாம் இப்போது உறுத்துகிறது. ஆனாலும் நல்ல கீப்பர் வேண்டும் என்று ரசிகர்கள் அதற்கு முன்பே கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஜூலையில் ரோமாவிலிருந்து 6.5 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து ஆலிசன். டிசம்பரில் நாப்போலியோடு கடைசி நொடியில் மிலிக்கின் உதையை அவர் மறிக்காமல் இருந்திருந்தால் அந்த வருட சாம்பியன்ஸ் லீக் குரூப்போடு முடிந்திருக்கும். கோப்பை வந்தது. கோல்கீப்பர் விஷயத்தில் ரசிகன் பொதுவாகத் தப்புவதில்லை, ஏனென்றால் அங்கே ஓட்டை விழுந்தால் மறைக்கப் பின்னால் யாரும் கிடையாது.

இப்போது 2020 பக்கத்துக்கு வருகிறேன். இன்று நான் பேச வந்ததே இந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

முப்பது வருடம் கழித்து லீக் கோப்பை வந்த கோடை அது. 99 புள்ளி. நோட்டில் ஒரே பெயர், "தியாகோ", சுற்றி வட்டம், வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம். பையர்ன் ம்யூனிக்கின் அந்த நடுக்கள ஆட்டக்காரர் வந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தோம். வந்தும் விட்டார். அதே பக்கத்தில் கீழே ஒரு வரி: "லவ்ரனை ஸெனித்துக்கு விற்றாச்சு. நல்லது." அவ்வளவுதான். அவர் இடத்துக்கு யார் என்று நான் எழுதவில்லை. கிளப்பும் யாரையும் வாங்கவில்லை.

கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபென்டர்கள், அதாவது சென்டர் பேக், மீதி மூன்று பேர். வான் டைக், கோமஸ், மாட்டிப். இதில் மாட்டிப் அடிக்கடி காயத்தில் படுப்பவர், கோமஸும் பெரிய காயங்களைப் பார்த்தவர். நமக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். ஆனாலும் மூன்று நல்ல பெயர்கள் தாளில் இருந்தால் மனசு நாலாவதைத் தேடுவதில்லை.

அக்டோபர் 17, எவர்ட்டன் மைதானம். பிக்ஃபோர்ட் பாய்ந்து வந்து விழுந்ததில் வான் டைக்கின் முழங்கால் தசைநார் போனது. நவம்பரில் இங்கிலாந்து அணிப் பயிற்சியில் கோமஸ். ஜனவரிக் கடைசியில் மாட்டிப். மூவருக்கும் அந்த சீசன் முடிந்தது.

அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் பாடம். நடுக்களத்தில் நின்ற ஃபபினியோவைப் பின்னால் இழுத்து சென்டர் பேக் ஆக்கினார்கள். ஹெண்டர்சனையும் இழுத்தார்கள். கூரை ஒழுகுகிறது என்று வாசல் கதவைக் கழற்றி மேலே போட்ட கதை. ஃபபினியோ நின்ற இடம் காலி. அதனால் இரண்டு ஓரத்து டிஃபென்டர்கள் ராபர்ட்சனும் ட்ரெண்ட்டும் முன்னே ஓடினால் பின்னால் காவல் இல்லை. அவர்கள் ஓடாவிட்டால் முன்வரிசையில் நிற்கும் சலாவுக்கும் மானேவுக்கும் பந்து வருவதில்லை. நாமோ டிவி முன்னால் உட்கார்ந்து "ஃபிர்மினோ முடிஞ்சுட்டார், புது ஸ்ட்ரைக்கர் வாங்கு" என்று கத்திக்கொண்டிருந்தோம். நான் எழுதியே வைத்திருக்கிறேன், ஜனவரி 2021: "ஸ்ட்ரைக்கர்!!" ஆச்சரியக்குறி வேறு இரண்டு.

அந்த ஜனவரியில் பர்ன்லி வந்து, 68 லீக் ஆட்டங்களாக நம் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தோற்காமல் இருந்த கணக்கை முடித்து வைத்தது. தொடர்ந்து ஆறு லீக் ஆட்டம் சொந்த மண்ணில் தோல்வி. கிளப் சரித்திரத்திலேயே அப்படி நடந்ததில்லை. விண்டோ மூடும் நாளில் அவசரமாக இரண்டு டிஃபென்டர்கள். ஷால்கேயிலிருந்து கபாக், லோனில். ப்ரெஸ்டனிலிருந்து பென் டேவிஸ். இந்த பென் டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடாமலே பிறகு ரேஞ்சர்ஸுக்குப் போய்விட்டார். தீ பிடித்த பிறகு வாங்கும் வாளி அப்படித்தான் இருக்கும்.

மார்ச்சில் க்ளோப் ஃபபினியோவை மறுபடி நடுக்களத்துக்கு அனுப்பினார். பின்னால் நாட் ஃபிலிப்ஸ். அந்த சீசனில் சாம்பியன்ஸ் லீக் குரூப் ஆட்டங்களுக்கான பட்டியலில்கூட இல்லாத ஆள். போல்டன்காரர். காலில் பந்து பெரிதாக நிற்காது, ஆனால் காற்றில் எது வந்தாலும் தலையைக் கொடுப்பார். கூட ரீஸ் வில்லியம்ஸ், இருபது வயது. பெயரைப் பார்த்தால் பலவீனமான ஜோடி. ஆனால் அவரவர் இடத்தில் அவரவர் நின்றதும் அணி தானாக நிமிர்ந்தது. வெஸ்ட் ப்ராம் ஆட்டத்தில் ஆலிசனே முன்னால் ஓடிப்போய்க் கடைசி நிமிடத்தில் தலையால் அடித்தாரே, அந்த ஓட்டம்தான். கடைசி ஐந்து ஆட்டமும் வென்று மூன்றாம் இடம். கடைசி நாள் ஆன்ஃபீல்டில் அந்த இரண்டு பையன்களும் ஆளுக்கொரு கட்டுத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். என் கைப்பேசியில் ரொம்ப நாள் முகப்புப் படமாக இருந்தது அது.

(பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "யுனைடெட்டுல எங்களுக்கு முதல் ஆளே இல்லண்ணே, நாலாவது ஆளுக்கு எங்க போறது?")

அது வேறு வியாதி தம்பி, தனியாக வாருங்கள் பேசலாம்.

அடுத்து நடுக்களம். 2022-23 சீசன் முழுக்க நம் எல்லாருடைய புலம்பலும் அதுதான். நியாயமான புலம்பல். வயது கூடிப்போன நடுக்களம் அது. விண்டோ மூடும் நாளில் ஆர்த்தரை லோனில் கொண்டுவந்தார்கள், அந்த சீசன் முழுவதும் முதல் அணிக்கு அவர் ஆடியது 13 நிமிடம். 2023 ஆகஸ்டில் கைசேடோவுக்கு 11.1 கோடி கொடுக்க ப்ரைட்டனோடு பேசி முடித்தாயிற்று. ஆள் செல்சிதான் வேண்டும் என்று போய்விட்டார். அந்த வார இறுதியில் முதல் ஆட்டமே செல்சியோடு! லாவியாவும் அங்கேயே போனார். முப்பது வயது எண்டோ வந்தார், கடைசி நாளில் கிராவன்பெர்க் வந்தார். 2024-இல் க்ளோப் போய் ஸ்லாட் வந்ததும் ஸுபிமெண்டியைக் கேட்டார்கள். அவரும் சொந்த ஊரிலேயே இருக்கிறேன் என்றுவிட்டார்.

என் நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க "நம்பர் 6, நம்பர் 6" என்று பள்ளிக்கூட இம்போசிஷன் மாதிரி இருக்கும். டிஃபென்டர்களுக்கு முன்னால் நடுக்களத்தில் நிற்பவர்தான் நம்பர் 6. கிராவன்பெர்க் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? "லோனுக்கு அனுப்பலாம்." ஸ்லாட் அவரையே நம்பர் 6 இடத்தில் நிறுத்தினார். முதுகைக் கோலுக்குக் காட்டிப் பந்தை வாங்குவார், எதிராளி நெருங்கும்போது இடுப்பை ஒரு திருப்பு திருப்பி அவரைத் தாண்டிப் போயிருப்பார். அந்த ஒரு திருப்பலில் எதிர் அணியின் முதல் வரிசை முழுக்கக் கழன்றுபோகும். அந்தக் கோடையில் சீசனுக்கென்று வந்து சேர்ந்தவர் கியேசா ஒருவர்தான். 2025 ஏப்ரல் 27, டாட்டன்ஹாமை 5-1 அடித்து, நாலு ஆட்டம் மீதமிருக்கும்போதே கோப்பை.

அப்படியானால் ரசிகன் சொன்னது தப்பா? ஓட்டை இருந்தது நிஜம். அடைக்கிற ஆள் வீட்டுக்குள்ளேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நாம் பார்க்கவில்லை. ஆடாதவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? பயிற்சியை நாம் பார்ப்பதில்லை. ஸ்பெயினில் ஆடுகிறவரின் பத்து நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு, நம் பெஞ்சில் இருப்பவரைவிட அவர் தேவலை என்று முடிவு கட்டுகிறோம். பத்து நிமிட வீடியோவில் யாருமே தப்புப் பாஸ் கொடுப்பதில்லை.

2025 கோடை வந்தது. இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். விர்ட்ஸ் 10 கோடி, மேலே போனஸ். இசாக் 12.5 கோடி. எக்கிடிகே, கெர்கஸ், ஃப்ரிம்பாங். மொத்தம் 40 கோடி பவுண்டுக்கு மேல். நாங்கள் எல்லாரும் ஆகாயத்தில் மிதந்தோம். அதற்கு நடுவே நம் அகாடமியில் வளர்ந்த சென்டர் பேக் குவான்சாவை லெவர்குசனுக்கு விற்றார்கள், சுமார் 3 கோடிக்கு. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 5 கோடிக்கு ஒருவரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால் புத்தகத்தில் வருடத்துக்கு 1 கோடி என்றுதான் செலவு எழுதுவார்கள். சொந்த அகாடமியில் வளர்ந்த பையனுக்கோ வாங்கிய விலை என்று ஒன்று இல்லை, விற்றால் வருவது முழுக்க லாபம். அதனால்தான் அகாடமியிலிருந்து வந்த மூன்றாவது, நாலாவது ஆளைக் கிளப்புகள் சட்டென்று விற்கின்றன. கணக்குப்பிள்ளைக்கு அவன் சொக்கத்தங்கம். கோச்சுக்கு அவன் மழைக்கால ரெயின்கோட்.

செப்டம்பர் 1, கடைசி நாள். கிரிஸ்டல் பேலஸின் சென்டர் பேக் கெயியை 3.5 கோடிக்குப் பேசி முடித்திருந்தார்கள். பேலஸுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை, கடைசி நேரத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கு நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டாள். மூன்று வாரம் கழித்து புதிதாக வந்த பதினெட்டு வயது சென்டர் பேக் லியோனி, முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து படுத்தான். முதல் ஐந்து லீக் ஆட்டத்தையும் வென்ற அணி, அடுத்த ஏழில் ஆறு தோற்றது. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் ஆன்ஃபீல்டுக்கு வந்து மூன்று அடித்துவிட்டுப் போனது.

நியாயமாகப் பார்த்தால் சென்டர் பேக் மட்டும் காரணமில்லை. அந்த ஜூலையில் ஜோட்டா விபத்தில் போய்விட்டார். கூட ஆடிய மனிதனைப் புதைத்துவிட்டு வந்து ஆடுகிறவர்களின் மனசை எந்தப் பட்டியலில் எழுதுவது? அதை நான் நோட்டில் எழுதவில்லை. ஆனால் 2020-இல் வாங்கிய அதே அடியை, அதே இடத்தில், ஐந்து வருடத்தில் மறுபடி வாங்கினோம் என்பதை எழுதி வைத்திருக்கிறேன். கோடையில் நான் எழுதியது "விர்ட்ஸ்", சுற்றி வட்டம். குவான்சா பெயருக்கு நேரே என்ன எழுதியிருப்பேன் என்று ஊகித்திருப்பீர்கள். "விற்றாச்சு. நல்லது."

இப்போது ஒரு வேலை. வரும்போது வாசலில் ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்தார்கள் இல்லையா, அதன் பின்பக்கம் காலியாக இருக்கிறது. உங்கள் கிளப்பின் நாலாவது சென்டர் பேக் பெயரை அதில் எழுதுங்கள். கூகுள் பார்க்கக் கூடாது. அடுத்த வரியில், முதல் இருவரும் ஒரே மாதத்தில் காயம்பட்டால் யார் இடம் மாறுவார், அவர் விட்டுவிட்டு வரும் இடத்தில் யார் நிற்பார் என்று எழுதுங்கள். யுனைடெட் தம்பி, நீங்களும்தான். பேனா இல்லாதவர்கள் கை தூக்குங்கள், என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்று கொஞ்சம் கசியும்.