மூன்று தேர்தல், மூன்று சின்னம், ஒரே ஆள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அன்பு நண்பர்களே, பனியையும் பார்க்காமல் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு சட்டமன்ற உறுப்பினரை ஜெயிக்க வைப்பது கட்சிச் சின்னமா, தொகுதியில் அவர் சம்பாதித்த உறவா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் உறவுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா மூன்று அம்புகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அலை அடித்தால் யாரை நிறுத்தினாலும் ஜெயிப்பார்கள் என்பது ஒன்று. 1967-ல் காமராஜரே தோற்றாரே, அவருக்கு இல்லாத உறவா என்பது இரண்டாவது. கொறடா கை காட்டும் பக்கம் ஓட்டுப் போடுகிற உறுப்பினருக்குத் தனியாக என்ன மதிப்பு என்பது மூன்றாவது. நல்ல கேள்விகள்தான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் உங்களை ராதாபுரம் வரைக்கும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு மூலையில் இருக்கிறது ராதாபுரம் தொகுதி. ஒரு பக்கம் பணகுடி, வள்ளியூர், இன்னொரு பக்கம் திசையன்விளை, உவரி, நடுவில் கூடங்குளம், இடிந்தகரை. பனையும் காற்றாலையும் செம்மணல் தேரியுமாக இருக்கிற பூமி, மழை மறைவுப் பகுதி. கடற்கரை ஊர்களுக்கு ஒரு கவலை, உள்காட்டு விவசாயிக்கு வேறொரு கவலை. கோதையாறு பாசனத்தில் இருந்து ராதாபுரம் கால்வாயில் தண்ணீர் விட்டால்தான் இங்கே குளம் நிறையும், அந்தத் தண்ணீருக்காக வருஷா வருஷம் மனுக் கொடுத்தே மக்கள் களைத்துப் போவார்கள். இப்படிப்பட்ட தொகுதியில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் அப்பாவு, ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர்.

1996-ல் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் நின்றார், ஜெயித்தார். அந்த வருஷம் திமுக, தமாகா கூட்டணிக்கு அடித்த அலையில் அதிமுகவுக்கு மாநிலம் முழுக்க நான்கே இடம். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் 8,366 ஓட்டில் தோற்றார். அதனால் அந்த ஒரு வெற்றியை எதிரணிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அது அலைதான், சைக்கிள் சின்னம்தான், வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 2001 வந்தது. அலை அப்படியே திரும்பி அடித்தது. அதிமுக மட்டும் 132 இடம். அந்தத் தேர்தலில் அப்பாவுக்குக் கையில் சைக்கிளும் இல்லை, சூரியனும் இல்லை, இலையும் இல்லை. சுயேச்சையாக நின்றார். சுயேச்சை என்றால் என்ன அர்த்தம் என்று தேர்தல் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னமே கடைசி நேரத்தில்தான் கைக்கு வரும், அதைச் சுவரில் வரைந்து, வீடு வீடாகக் காட்டி, பாட்டிகளின் மனதில் பதிய வைப்பதற்குள் வாக்குப்பதிவு நாள் வந்துவிடும். தலைவர் வந்து மைதானத்தில் கூட்டம் போட மாட்டார், பூத் கமிட்டிக்குத் தலைமையிடம் இருந்து எதுவும் வராது. அப்படி நின்ற மனுஷனை ராதாபுரம் சட்டமன்றத்துக்கு அனுப்பியது! 2006-ல் அவர் திமுகவில் நின்றார், மறுபடியும் அனுப்பியது. சைக்கிள், சுயேச்சைச் சின்னம், உதயசூரியன் என்று மூன்று தேர்தலில் மூன்று சின்னம். ஆள் ஒருவர், தொகுதி ஒன்று. சின்னம்தான் ஜெயிக்க வைக்கிறது என்றால் இந்த மூன்று சின்னத்துக்கும் பொதுவாக என்ன இருந்தது என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் எனக்குச் சொல்ல வேண்டும்.

2011-ல் அந்தத் தொகுதி கூட்டணியில் காங்கிரசுக்குப் போனது, ஜெயித்தது தேமுதிக. பார்த்தீர்களா, கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை என்றால் ஆள் இல்லை என்று எதிரணியில் ஒருவர் இப்போதே குறிப்பு எழுதுகிறார், பார்க்கிறேன். எழுதுங்கள். அதற்குப் பதில் 2016-ல் இருக்கிறது.

2016-ல் கட்சி அவருக்கே சீட்டுக் கொடுத்தது. கையில் உதயசூரியன், தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சின்னம். எதிரே அதிமுகவின் இன்பதுரை, வழக்கறிஞர், அவர் கையில் இரட்டை இலை, அதுவும் அப்படிப்பட்ட சின்னமே. மே 19-ம் தேதி எண்ணி முடித்தபோது இன்பதுரைக்கு 69,590, அப்பாவுக்கு 69,541. வித்தியாசம் 49 ஓட்டு. இரண்டு பெரிய சின்னமும் மோதி ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நின்றுவிட்டன ஐயா. மிச்சம் இருந்தது வெறும் 49 பேர். அது ஒரு தெருவின் ஒரு பக்கத்து வீடுகள். ஒரு துஷ்டி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோமா இல்லையா, ஒரு குழாயடிச் சண்டையில் நியாயமாகப் பேசினோமா இல்லையா, ஒரு பையனின் சான்றிதழுக்குப் போன் போட்டோமா இல்லையா, அதெல்லாம் சேர்ந்தால்தான் 49 ஓட்டு. எந்தக் கட்சித் தலைமையும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அந்த 49 பேரைக் கணக்குப் போட முடியாது.

அந்தத் தேர்தலில் இன்னொரு எண்ணும் உண்டு, 203. அத்தனை தபால் ஓட்டுகள் செல்லாது என்று ஒதுக்கப்பட்டன. தபால் ஓட்டு எப்படிப் போடுகிறார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர் தன் ஊர்ப் பூத்தில் ஓட்டுப் போட முடியாது. அவருக்கு வாக்குச்சீட்டு தனியாக வருகிறது. அவர் குறியிட்டு, மடித்து, சின்ன உறைக்குள் போட்டு ஒட்டுகிறார். கூடவே ஓர் உறுதிமொழிப் படிவம், இது நான் போட்ட ஓட்டுதான் என்று கையெழுத்து, அதற்குக் கீழே ஓர் அதிகாரியின் சான்றொப்பம், முத்திரை. இரண்டையும் பெரிய உறைக்குள் வைத்து அனுப்புகிறார். ராதாபுரத்தில் அந்தச் சான்றொப்பத்தைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் கையெழுத்து செல்லுமா செல்லாதா என்பதுதான் வழக்கே. உயர் நீதிமன்றம் போனார் அப்பாவு. மூன்று வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்து, 2019 அக்டோபர் 1-ம் தேதி, அந்த 203 தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளான 19, 20, 21-ஐயும் மறுபடி எண்ணச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அக்டோபர் 4-ம் தேதி நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் காலம் 2021 மே மாதத்தில் முடிந்த நாள் வரைக்கும் முடிவு வெளியே வரவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இந்த மேடைக்கு வரவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. நான் பார்ப்பது வேறு. ஐந்து வருஷம் பதவி இல்லை, வழக்கு இழுக்கிறது, வேறொருவராக இருந்தால் பாதுகாப்பான தொகுதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார். இவர் ராதாபுரத்தை விட்டு நகரவில்லை. 2021-ல் அதே தொகுதி, எதிரே அதே இன்பதுரை. அவரையும் நான் மதிக்கிறேன், அவரும் வேறு தொகுதி தேடி ஓடாமல் அதே மக்களிடம்தான் வந்து நின்றார். இந்த முறை வித்தியாசம் 5,925 ஓட்டு, ஜெயித்தது அப்பாவு. மே 12-ம் தேதி சட்டமன்றத்தின் சபாநாயகராகப் போட்டியின்றித் தேர்வானார். 49-ல் தோற்ற மனுஷன் 5,925-ல் திரும்பி வந்ததற்குக் காரணம் சூரியன் என்று மட்டும் சொன்னால், அதே சூரியன் 2016-லும் அவர் கையில்தானே இருந்தது?

அந்த வருஷம் திமுகவுக்கு அலை ஐயா, அலை என்று எதிரணியில் குரல் கேட்கிறது. சரி, அதே அலையில் காட்பாடிக்குப் போவோம். திமுக 133 இடம் ஜெயித்த தேர்தலில், அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் துரைமுருகன், 1971-ல் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு வந்தவர், வெறும் 746 ஓட்டில்தான் கரையேறினார். மொடக்குறிச்சியில் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் 281 ஓட்டில் தோற்றார். அதே மொடக்குறிச்சியில்தான் 1996-ல் 1,033 பேர் வேட்பாளராக நின்று, வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடிக்க வேண்டிவந்தது. அன்றைக்கு அத்தனை பேருக்கு நடுவே ஜெயித்தவரும் இதே அம்மாதான். ஒரே சின்னம், ஒரே அலை, ஒரே நாள், ஆனால் தொகுதிக்குத் தொகுதி முடிவு வேறாக இருக்கிறதே, அந்த வேறுபாட்டுக்குப் பெயர் என்ன?

இப்போது காமராஜர். அந்தப் பெயரைச் சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைக்கும். 1967-ல் விருதுநகரில் பெ.சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 ஓட்டில் தோற்றார் என்பது உண்மை. ஆனால் முழுக்கதையையும் சொல்லுங்கள். 1957, 1962 இரண்டு தேர்தலிலும் அவர் சாத்தூர் உறுப்பினர். 1964-ல் இருந்து அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக டெல்லியில் நாட்டையே சுமந்துகொண்டிருந்தார். பிறந்த ஊர் என்றாலும் அந்த வருஷங்களில் விருதுநகர்த் தெருவில் நடந்துகொண்டிருந்தது சீனிவாசன்தான், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் வந்த பையன். சுமந்தவரின் அருமை பெரியது, ஆனால் பக்கத்தில் இருந்தவருக்கு ஓட்டு விழுந்தது. எனக்கு இதைச் சொல்ல மனசு வலிக்கிறது, இருந்தாலும் இது என் அணியின் வாதத்துக்குத்தான் சாட்சி. அதோடு நிறுத்தாதீர்கள். 1969-ல் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தல், மாநிலத்தில் திமுக ஆட்சி, அங்கே காமராஜர் ஜெயித்தார். 1971-ல், காங்கிரஸ் இரண்டாக உடைந்த பிறகு அவர் இருந்த ஸ்தாபன காங்கிரஸ் தமிழ்நாட்டில் சுத்தமாகத் துடைத்தெறியப்பட்டபோது நாடாளுமன்றத்துக்கு அந்தக் கட்சியில் இருந்து போனது ஒரே ஒரு ஆள், அதே நாகர்கோவிலில் இருந்து அதே காமராஜர். கட்சி இல்லை, அலை இல்லை, ஆட்சி இல்லை. குமரி மக்களுக்கும் அவருக்கும் இருந்த பாசம் இருந்தது.

எதிரணி அண்ணாவை மறந்துவிட்டது. 1957-ல் திமுகவில் இருந்து பதினைந்து பேர் சட்டமன்றம் போனார்கள், கட்சிக்கு அங்கீகாரமே கிடையாது, கணக்கில் அவர்கள் சுயேச்சைகள். குளித்தலையில் ஜெயித்துப் போன கருணாநிதி சட்டமன்றத்தில் பேசிய முதல் பேச்சே நங்கவரம் விவசாயிகளைப் பற்றியது, தன் தொகுதி மண்ணைப் பற்றியது. 1962-ல் பதினைந்து ஐம்பதாக வளர்ந்தது. கட்சி மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்த அதே தேர்தலில் அந்தக் கட்சியைக் கட்டிய அண்ணா சொந்தக் காஞ்சிபுரத்தில் தோற்றார். அவரைவிடவா அந்தச் சின்னத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்க முடியும்?

கொறடா விஷயத்தை நான் நீட்டப் போவதில்லை. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு வாக்கெடுப்பில் உறுப்பினர் கட்சியோடுதான் நிற்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடப்பது எத்தனை நாள்? மற்ற நாளெல்லாம் கேள்வி நேரம், மானியக் கோரிக்கை, மனுக்கள் குழு. என் தொகுதியில் பாலம் எப்போது, கால்நடை மருந்தகம் எப்போது என்று எழுந்து கேட்பதற்கு எந்தக் கொறடாவும் தடை போடுவதில்லை. வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியில் எந்த ஊருக்கு மேல்நிலைத் தொட்டி, எந்தப் பள்ளிக்குக் கழிப்பறை என்று எழுதிக் கொடுப்பது உறுப்பினர்தான். ஊர் ஊராகப் போகாதவருக்கு அதை எழுதத் தெரியாது.

கடைசியாக எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன், நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார்.

எங்கள் ஊரும் நெல்லைப் பக்கம்தான், ராதாபுரம் இல்லை, வேறு தொகுதி. ஆச்சிக்கு முதியோர் உதவித்தொகை ஏழு மாதமாக நின்றுபோயிருந்தது. மனுவை நாலாக மடித்துச் சுருக்குப்பைக்குள் வெற்றிலையோடு வைத்திருந்தாள், ஒரு மூலை சிவந்தே போயிருந்தது. எங்கள் எம்.எல்.ஏ. ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தார், பெயர் வேண்டாம். பந்தியில் இருந்து எழுந்து கை கழுவப் போனவரை மறித்து அந்த மனுவை நீட்டினாள். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, அந்த இடத்திலேயே நின்று முழுசாகப் படித்தார். "ஆச்சி, பாஸ்புக் இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் எண் தப்பாகப் பதிவாகியிருந்தது, அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அடுத்த மாதம் பணம் வந்தது.

அதற்கடுத்த தேர்தலில் அவர் கட்சி மாறியிருந்தார். ஊரில் அதைப் பற்றிப் பெரிய பேச்சு, எனக்கும் கோபம்தான். ஓட்டுப்பதிவு அன்றைக்குக் காலையில் ஆச்சியைக் கைத்தாங்கலாகப் பூத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் வரைக்கும் ஒன்றும் பேசாமல் வந்தவள், உள்ளே போகிற நேரத்தில் என் காதுப் பக்கம் குனிந்து கேட்டாள்:

"ஏல, அந்தத் தம்பி இந்தத் தடவ எந்தச் சின்னத்துல நிக்கான்?"

நன்றி, வணக்கம்.