கலிகுலா குதிரையில் போன பாலம் எது?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "நேப்பிள்ஸ் பக்கத்தில் பொட்சுவோலி கடற்கரையில் 'கலிகுலா பாலம்' என்று ஓர் இடிபாட்டைப் பழைய ஓவியங்களில் பார்த்தேன். ரோமப் பேரரசர் கலிகுலா குதிரையில் போனது அதன்மேல்தானா?"

இரண்டு நாளாக இது மண்டைக்குள் ஓடுகிறது. அது இல்லை. கி.பி. 39இல் அவர் கட்டியது கல் பாலமே அல்ல. சரக்குக் கப்பல்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, மேலே மண்ணைக் கொட்டிச் சாலையாக்கினார். பையா என்ற கடற்கரை ஊரிலிருந்து பொட்சுவோலி துறைமுகம் வரை, சுமார் ஐந்து கிலோமீட்டர். பையா வளைகுடாவைக் குதிரையில் கடந்தாலும் கடப்பானே தவிர இவன் அரசனாக மாட்டான் என்று ஒரு சோதிடர் சொல்லியிருந்தாராம். அதற்காகத்தான் இந்தக் கூத்து என்று தன் தாத்தா சொல்லக் கேட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். கப்பல்களெல்லாம் இங்கே மாட்டிக்கொண்டதால் ரோமில் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தது என்கிறார் இன்னொரு வரலாற்றாசிரியர் டியோ.

நேயர் பார்த்தது துறைமுகத்தின் அலைத்தடுப்பு. நம் மீனவர்கள் தூண்டில் வளைவு கேட்கிறார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான். 370 மீட்டர் நீளம், கடலுக்குள் 15 தூண்கள், நடுநடுவே வளைவுகள். வளைவு வழியே நீரோட்டம் வந்து போனால் உள்ளே மணல் சேராது. வளைவைப் பார்த்து ஊரார் பாலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது அது புதிய துறைமேடைக்குள் மறைந்துவிட்டது.

சரி, தூண் கடலுக்குள் எப்படி நின்றது என்று யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அந்த ஊர் எரிமலைச் சாம்பல். சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகும். ரோமானியக் காரை பற்றிய பேச்சில் இதைச் சொன்னேன், திரும்பவும் சொல்வேன். எங்கள் வீடு கட்டும்போது கொத்தனார் "பிபிசி மூட்டைதான் வேண்டும்" என்றார். மூட்டையைத் திருப்பிப் பார்த்தால் போர்ட்லண்ட் போசலானா சிமெண்ட்! போசலானா என்பது பொட்சுவோலி சாம்பலின் பெயர். நம் மூட்டையில் இருப்பது பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல். பெயர் மட்டும் அந்த ஊருடையது. கொத்தனாரிடம் சொன்னேன். "அப்படியா சார், தண்ணி ஊத்தச் சொல்லுங்க" என்றார்.

அப்புறம், அந்த ஊர் நிலம் ஏறி இறங்கும். 1982 முதல் 1984க்குள் சுமார் 1.8 மீட்டர் எழும்பியது. இப்போதும் எழும்புகிறது, சின்னத் துறையில் படகுகள் தரைதட்டிக் கிடக்கின்றன.